கிரண்டிக் டேப் ரெக்கார்டரும் ஐரோப்பியப் பொதுச் சந்தையும்

பொருளாதார ஒருங்கிணைப்பு என்று பாடப்புத்தகத்தைத் திறந்தால் படிக்கட்டு மாதிரி ஒரு வரிசை இருக்கும். முதலில் தடையற்ற வர்த்தகப் பகுதி, அடுத்து சுங்க ஒன்றியம், அப்புறம் பொதுச் சந்தை, அதற்கும் மேலே பொருளாதார ஒன்றியம். ஒவ்வொரு படிக்கும் ஒரு ஐந்து மார்க் கேள்வி நிச்சயம் :) ஐரோப்பாவை உதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

இந்தப் படிக்கட்டில் எல்லாவற்றையும் செய்வது அரசாங்கங்கள்தான். அரசாங்கம் சுங்க வரியைக் குறைக்கும், அரசாங்கம் கோட்டாவை எடுக்கும், அரசாங்கம் கையெழுத்துப் போடும். அந்த நேரத்தில் கம்பெனிகள் என்ன செய்துகொண்டிருக்கும் என்று ஒரு வரி கூட இருக்காது. ஐரோப்பாவில் நிஜமாக நடந்ததைப் படித்தால், பாதிக் கதை அந்த விட்டுப்போன வரியில்தான் இருக்கிறது. அரசாங்கங்கள் எல்லையில் இருந்த கதவுகளைக் கழற்றிக்கொண்டிருந்த அதே வருடங்களில், கம்பெனிகள் ஒப்பந்தங்கள் மூலமாக அதே இடத்தில் வேறு கதவுகளை மாட்டிக்கொண்டிருந்தன. அதை எப்படித் தடுத்தார்கள், தடுத்ததால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்க வேண்டும். 1926 செப்டம்பரில் ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், லக்ஸம்பர்க், சார் பகுதி ஆகிய இடங்களின் இரும்பு ஆலை முதலாளிகள் சேர்ந்து சர்வதேச ஸ்டீல் கார்டெல் ஒன்றை அமைத்தார்கள். யார் எத்தனை டன் உற்பத்தி செய்யலாம் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். பங்கை மீறினால் டன்னுக்கு இவ்வளவு என்று அபராதம். லக்ஸம்பர்க் ஆலை அதிபர் எமில் மைரிஷ் இதற்குத் தலைவர். இன்றைக்குக் கேட்டால் இது கூட்டுக்கொள்ளை மாதிரி தெரியும். ஆனால் அன்றைக்குப் பலர் இதை ஐரோப்பிய ஒற்றுமையின் முதல் படி என்று பாராட்டினார்கள். பிரெஞ்சுக்காரனும் ஜெர்மன்காரனும் சண்டை போடாமல் ஒரே மேஜையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்களே என்று. கார்டெல் மூலமாக ஒற்றுமை என்பதும் அப்போது மதிப்புக்குரிய ஒரு வழிதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த வழி மூடப்பட்டது. 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் நிலக்கரியையும் இரும்பையும் ஒரு பொது அதிகாரத்தின் கீழ் கொண்டுவரும் திட்டத்தை அறிவித்தார். திட்டத்தின் பின்னால் இருந்தவர் ஜான் மொனே. இது பழைய கார்டெலின் மறுபிறப்புதானோ என்ற சந்தேகம் அமெரிக்கர்களுக்கு உடனே வந்தது. 1951-ல் கையெழுத்தான பாரிஸ் ஒப்பந்தத்தில் 65, 66 என்று இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. ஒன்று கார்டெல்களைத் தடை செய்தது, இன்னொன்று கம்பெனிகள் ஒன்றோடொன்று இணைவதைக் கட்டுப்படுத்தியது. இவற்றின் முதல் வரைவை எழுதியவர் ராபர்ட் போவி என்ற ஹார்வர்டு சட்டப் பேராசிரியர். ஜெர்மனியில் இருந்த அமெரிக்க ஹை கமிஷனர் ஜான் மெக்ளாயிடம் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுதியதை மொரீஸ் லாக்ராஞ் என்ற பிரெஞ்சு சட்ட வல்லுநர் பிரெஞ்சு பாணிக்கு மாற்றி எழுதினார். ஐரோப்பாவின் முதல் பொதுப் போட்டிச் சட்டம் அமெரிக்க வாசனையோடு பிறந்தது என்று சொன்னால் தப்பில்லை. நடைமுறையில் அந்தப் பிரிவுகளால் ரூர் நிலக்கரி விற்பனை அமைப்புகளை முழுசாக உடைக்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

1957 மார்ச் 25 அன்று ரோம் ஒப்பந்தம். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் என்று அதே ஆறு நாடுகள். இதில் போட்டிக்கான பிரிவுகள் 85, 86. (2009 டிசம்பரில் லிஸ்பன் ஒப்பந்தம் வந்ததிலிருந்து இவற்றின் எண்கள் 101, 102. பழைய தீர்ப்புகளில் 85 என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.) ஒப்பந்தம் 1958 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. அதே நாளில்தான் மேற்கு ஜெர்மனியின் சொந்தப் போட்டிச் சட்டமும் அமலுக்கு வந்தது. பொருளாதார அமைச்சர் லுட்விக் எர்ஹார்ட் ஜெர்மன் தொழிலதிபர்களோடு பல வருடம் மல்லுக்கட்டிக் கொண்டுவந்த சட்டம் அது. ஜெர்மன்காரர்கள்தான் போட்டிக் கொள்கையின் பெரிய ஆதரவாளர்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆறு நாடுகளுக்கு இடையே சுங்க வரிகள் படிப்படியாகக் குறைய ஆரம்பித்தன. 1959 ஜனவரியில் முதல் வெட்டு. 1968 ஜூலை 1-க்குள் உள்நாட்டுச் சுங்க வரி என்பதே இல்லை, நிர்ணயித்த தேதிக்கு ஒன்றரை வருடம் முன்னதாகவே. பாடப்புத்தகத்தில் இந்த வரி மட்டும் கண்டிப்பாக இருக்கும்.

இப்போது கிரண்டிக்.

மாக்ஸ் கிரண்டிக் ஜெர்மனியில் ஃப்யூர்ட் என்ற ஊரில் ரேடியோ கடை வைத்திருந்தவர். போர் முடிந்த கையோடு, முழு ரேடியோ விற்பதற்குக் கட்டுப்பாடு இருந்ததால், வாங்குபவரே வீட்டில் பொருத்திக்கொள்ளும்படி வால்வு இல்லாத ரேடியோ பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்றார். விதியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த மனுஷன். 1950-களில் அவர் கம்பெனி ரேடியோ, டேப் ரெக்கார்டர், டிக்டாபோன், டெலிவிஷன் எல்லாவற்றிலும் பெரிய பெயர்.

பிரான்ஸில் விற்க அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. 1957 ஏப்ரல் 1 அன்று, அதாவது ரோம் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரே வாரத்தில், கோன்ஸ்டன் என்ற பிரெஞ்சு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். பிரான்ஸ், சார், கார்சிகா மூன்றுக்கும் கோன்ஸ்டன்தான் ஏக விநியோகஸ்தர். கோன்ஸ்டன் குறைந்தபட்சம் இவ்வளவு சரக்கு எடுக்க வேண்டும், முன்கூட்டியே ஆர்டர் கொடுக்க வேண்டும், விளம்பரம் செய்ய வேண்டும், ரிப்பேர் பட்டறையும் ஸ்பேர் பார்ட்ஸும் வைத்திருக்க வேண்டும், கேரண்டியும் சர்வீஸும் தர வேண்டும். போட்டிக் கம்பெனிப் பொருளை விற்கக் கூடாது. தன் எல்லைக்கு வெளியே அனுப்பக் கூடாது.

பதிலுக்கு கிரண்டிக் என்ன கொடுத்தார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிரான்ஸுக்குள் தானும் நேரடியாக விற்க மாட்டார். அது மட்டுமில்லை, ஜெர்மனியில் இருக்கும் தன் மொத்த வியாபாரிகளும் மற்ற நாட்டு விநியோகஸ்தர்களும் பிரான்ஸுக்குச் சரக்கு அனுப்பக் கூடாது என்று அவர்களோடும் ஒப்பந்தம் போட்டிருந்தார். ஆளுக்கொரு நாடு, யாரும் அடுத்தவர் வேலியைத் தாண்டக் கூடாது.

ஆனால் ஒப்பந்தம் என்பது கையெழுத்துப் போட்டவரை மட்டும்தானே கட்டும்? ஒரு மூன்றாம் ஆள் ஜெர்மன் கடையில் பொருளை வாங்கி லாரியில் ஏற்றிப் பாரிஸுக்குக் கொண்டுபோனால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. கிரண்டிக் தயாரிப்புகளில் "கிரண்டிக்" என்ற பெயரோடு "ஜின்ட்" என்று இன்னொரு டிரேட்மார்க்கும் ஒட்டப்பட்டது. கிரண்டிக் இன்டர்நேஷனல் என்பதன் சுருக்கம். ஜெர்மனிக்குள் விற்கும் மெஷின்களிலும் இது உண்டு. இந்த ஜின்ட் டிரேட்மார்க்கை பிரான்ஸில் மட்டும் கோன்ஸ்டன் பெயரில் பதிவு செய்தார்கள். ஆக, ஜெர்மனியில் காசு கொடுத்து நியாயமாக வாங்கிய அசல் கிரண்டிக் மெஷினை நீங்கள் பிரான்ஸில் விற்றால், கோன்ஸ்டனின் டிரேட்மார்க்கைத் திருடியவர் ஆகிவிடுவீர்கள்! கோன்ஸ்டன் விநியோகஸ்தராக இல்லாமல் போனால் அந்த மார்க்கை கிரண்டிக்கிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். வேலி போடுவதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு வேலையே கிடையாது.

சுங்க வரியும் இறக்குமதிக் கட்டுப்பாடும் இருந்தவரை இதெல்லாம் வெளியே தெரியவில்லை. வரி குறையக் குறைய வெளியே தெரிந்தது. கிரண்டிக் பொருட்கள் ஜெர்மனியில் விற்கும் விலைக்கும் பிரான்ஸில் விற்கும் விலைக்கும் இடைவெளி அப்படியே நின்றது. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தையும் ஜெர்மனியின் கேல் ஊரையும் பிரிப்பது ரைன் ஆறு மட்டும்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை என்றால் வியாபாரி சும்மா இருப்பானா?

1961 ஏப்ரல் முதல் பாரிஸின் உனெஃப் என்ற கம்பெனி ஜெர்மன் வியாபாரிகளிடம் கிரண்டிக் பொருட்களை வாங்கி, கோன்ஸ்டனை விடக் குறைந்த விலைக்கு பிரெஞ்சுக் கடைகளுக்கு விற்க ஆரம்பித்தது. தடையை மீறி அவர்களுக்கு விற்க ஜெர்மனியில் ஆட்கள் இருந்தார்கள் என்பதை கவனியுங்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் லைஸ்னர் என்ற வியாபாரியும் இதையே செய்தார். கோன்ஸ்டன் இரண்டு பேர் மீதும் வழக்குப் போட்டது. நியாயமற்ற போட்டி ஒன்று, டிரேட்மார்க் மீறல் இன்னொன்று. உனெஃப் சும்மா இருக்கவில்லை. 1962 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸுக்கு எழுதியது: இந்த ஒப்பந்தமே ரோம் ஒப்பந்தத்தின் 85-வது பிரிவுக்கு விரோதம், விசாரியுங்கள் என்று.

நேரம் பொருத்தமாக அமைந்தது. 1962-ல்தான் 17-ம் எண் ஒழுங்குமுறை வந்தது. தங்கள் ஒப்பந்தத்துக்கு விலக்கு வேண்டும் என்பவர்கள் அதை ஐரோப்பிய ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும், ஆணையம்தான் விலக்கு தர முடியும். விளைவு, 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் பிரஸ்ஸல்ஸில் வந்து குவிந்தன. ஒரு சின்ன இலாகா. கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தால் ஆயுசு போதாது. எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒரு பெரிய வழக்கு வேண்டும். கிரண்டிக்கும் 1963 ஜனவரியில் தன் ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருந்தது. 1964 செப்டம்பர் 23 அன்று ஆணையம் தீர்மானித்தது: இந்த ஒப்பந்தம் சட்டவிரோதம், விலக்கும் கிடையாது, உனெஃப் போன்றவர்கள் வாங்கி விற்பதைத் தடுக்கக் கூடாது.

கோன்ஸ்டனும் கிரண்டிக்கும் லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு ஆதரவாக வழக்கில் இரண்டு அரசாங்கங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று இத்தாலி. இன்னொன்று மேற்கு ஜெர்மனி. ஆமாம், போட்டிக் கொள்கையின் தாய்வீடு என்று பேர் எடுத்த அதே ஜெர்மனிதான். ஆணையத்தின் பக்கம் நின்றவர்கள் உனெஃபும் லைஸ்னரும். இரண்டு நாட்டு அரசாங்கங்கள் ஒரு பக்கம், இரண்டு வியாபாரிகள் இன்னொரு பக்கம்.

கோன்ஸ்டன் தரப்பு வாதத்தை லேசில் தள்ளிவிட முடியாது. மார்க்கெட்டிங் பேப்பர் படித்தவர்களுக்கு உடனே புரியும். முன்பின் தெரியாத ஒரு பிராண்டை புது நாட்டில் அறிமுகப்படுத்துவது செலவான வேலை. விளம்பரம் நான் செய்கிறேன், பட்டறை நான் வைக்கிறேன், ஆறு மாதம் கழித்து எத்தனை போகும் என்று கணித்து சரக்கை நான் எடுக்கிறேன். ஜனங்களுக்குப் பெயர் பழகின பிறகு ஒருவன் ஜெர்மனியிலிருந்து லாரியில் கொண்டுவந்து, இந்தச் செலவு எதுவும் இல்லாமல், விலையைக் குறைத்து விற்றால் நான் எதற்கு அந்தச் செலவைச் செய்ய வேண்டும்? நான் நிறுத்திவிட்டால் பிராண்டே பிரான்ஸில் இருக்காது. அப்புறம் உனெஃப் எதை விற்கும்? இரண்டாவது வாதம்: போட்டி என்பது கிரண்டிக்குக்கும் மற்ற கம்பெனிகளுக்கும் நடுவில்தான். கிரண்டிக்கும் கிரண்டிக்கும் நடுவில் என்ன போட்டி வேண்டியிருக்கிறது? மூன்றாவது: இந்த ஒப்பந்தத்தால் இரு நாட்டு வர்த்தகம் கூடித்தான் இருக்கிறது, குறையவில்லை.

நீதிமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் அட்வகேட் ஜெனரல் கார்ல் ரோமர் ஏறக்குறைய கம்பெனிகளின் பக்கம்தான் சாய்ந்தார். சந்தையில் என்ன விளைவு என்று ஆராயாமல் ஆணையம் காகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட்டது, எனவே தீர்மானத்தை ரத்து செய்யலாம் என்பது அவர் கருத்து.

1966 ஜூலை 13 தீர்ப்பு. நீதிமன்றம் ரோமர் சொன்னதை ஏற்கவில்லை. வர்த்தகம் கூடியதா குறைந்ததா என்பது கேள்வியே இல்லை என்றது. கேள்வி, இந்த ஒப்பந்தம் நாடுகளுக்கு இடையிலான பழைய பிரிவினையைத் திரும்பக் கொண்டுவருகிறதா என்பதுதான். அரசாங்கங்கள் வைத்த தடைகளை நீக்குவதற்காக எழுதப்பட்ட ஒரு ஒப்பந்தம், அதே தடைகளைக் கம்பெனிகள் தனியாராகக் கட்டிக்கொள்ள அனுமதிக்க முடியாது. நோக்கமே போட்டியைத் தடுப்பது என்று ஆன பிறகு விளைவைத் தேடிப்போக வேண்டியதில்லை. ஒரே பிராண்டுக்குள் இருக்கும் போட்டியும் போட்டிதான். ஜின்ட் டிரேட்மார்க் பதிவில் தப்பில்லை, அதை இறக்குமதியைத் தடுக்கப் பயன்படுத்துவதுதான் தப்பு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கம்பெனிகளுக்கு ஆறுதல்: முழு ஒப்பந்தத்தையும் செல்லாது என்று ஆணையம் சொன்னது அதிகப்படி, வேலி போடும் ஷரத்துகளை மட்டும் வெட்டினால் போதும் என்று அந்தப் பகுதியை ரத்து செய்தார்கள்.

ஏக விநியோகஸ்தர் முறை சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1967-ல் ஆணையம் பொது விலக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு நாட்டுக்கு ஒரு விநியோகஸ்தர் வைத்துக்கொள்ளலாம், அடுத்தவர் பகுதிக்குப் போய் விளம்பரம் செய்யாதே, கிளை திறக்காதே என்று கட்டுப்படுத்தலாம். ஆனால் தானாகத் தேடி வரும் வெளிநாட்டு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பு என்று சொல்லக் கூடாது. பல முறை மாற்றி எழுதப்பட்டு, கடைசியாக 2022-ல் புதுப்பிக்கப்பட்ட விதிகளிலும் இந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது.

இதே மாதிரி ஒரு வழக்கு அமெரிக்காவில் 1977-ல் வந்தது. அதுவும் டெலிவிஷன் கம்பெனிதான், சில்வேனியா. எந்தக் கடைக்காரர் எந்த இடத்தில் விற்கலாம் என்று கட்டுப்படுத்தியிருந்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிராண்டுகளுக்கு இடையே போட்டி பலமாக இருந்தால் இதில் நல்லதும் இருக்கலாம், ஒவ்வொரு வழக்கிலும் விளைவைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றது. கோன்ஸ்டன் சொன்ன வாதம் அங்கே ஜெயித்தது. பொருளாதாரப் பேராசிரியர்கள் பலர் அமெரிக்கத் தீர்ப்பைத்தான் புத்திசாலித்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓஹையோவுக்கும் கலிபோர்னியாவுக்கும் நடுவில் சுங்கச் சாவடி வைக்க யாரும் ஆசைப்படுவதில்லை. அவர்களுடைய பொதுச் சந்தை ஏற்கெனவே இருக்கிறது. ஐரோப்பாவில் 1966-ல் அது இன்னும் காகிதத்தில்தான் இருந்தது. இரண்டு நீதிமன்றங்களும் வெவ்வேறு கேள்விக்கு விடை எழுதின என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் விடைக்கு ஒரு விலை இருந்தது. அதைக் காட்டும் கதை விஸ்கி.

டிஸ்டில்லர்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியிடம் ஜானி வாக்கர் ரெட் லேபிள் இருந்தது. 1973-ல் பிரிட்டன் பொதுச் சந்தையில் சேர்ந்தது. பிரிட்டனில் விஸ்கி எல்லோரும் குடிப்பது, கடைகளுக்குள் விலைப் போட்டி கடுமை, விலை குறைவு. ஐரோப்பாக் கண்டத்திலோ விஸ்கி இன்னும் பழக்கமாக வேண்டிய சரக்கு, அங்கே இருந்த ஏக விநியோகஸ்தர்கள் விளம்பரத்துக்குச் செலவழிக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் மொத்த வியாபாரிகள் உள்ளூர் விலைக்கு வாங்கி அங்கே அனுப்ப ஆரம்பித்தால் அந்த விநியோகஸ்தர்கள் கதி? எனவே டிஸ்டில்லர்ஸ் இரண்டு விலை வைத்தது. பிரிட்டனுக்குள் விற்றால் தள்ளுபடி உண்டு, ஏற்றுமதி செய்தால் கிடையாது. 1977 டிசம்பரில் ஆணையம் இது சட்டவிரோதம் என்றது.

விலை ஒன்றாக வேண்டும் என்றால் பிரிட்டிஷ் விலைக்கு இறங்கி வருவார்கள் என்று ஆணையம் எதிர்பார்த்திருக்கும். டிஸ்டில்லர்ஸ் செய்தது வேறு. ரெட் லேபிளை பிரிட்டிஷ் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டது! இன்னொரு பிராண்டான டிம்பிள் ஹேக் விலையை பிரிட்டனில் உயர்த்தியது. ஸ்காட்லாந்தில் தயாராகும் ஒரு விஸ்கியை பிரிட்டிஷ்காரன் தன் ஊர்க் கடையில் வாங்க முடியவில்லை. கண்டத்தில் இருப்பவர்களுக்கும் விலை குறையவில்லை. பொதுச் சந்தை என்ற பெயரில் எல்லோருக்கும் நஷ்டம் என்று அப்போது திட்டியவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. வழக்கு நீதிமன்றம் போனது. 1980 ஜூலையில் வந்த தீர்ப்பு இந்தப் பொருளாதார வாதத்துக்குள் போகவே இல்லை. விலை நிபந்தனைகளை முறையாகப் பதிவு செய்யாததால் விலக்கு கேட்க முடியாது என்று முடித்துவிட்டார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பிரான்ஸில் விஸ்கிக்கு ஏன் அவ்வளவு தள்ளாட்டம்? பிரெஞ்சு அரசாங்கம் தானியத்தில் வடித்த சாராயத்துக்குத் திராட்சையில் வடித்ததைவிட அதிக வரி போட்டிருந்தது. விளம்பரச் சட்டமும் அப்படித்தான், வெளியூர்ச் சரக்குக்குத் தடை, தங்கள் ஊர்ச் சரக்குக்குச் சலுகை. அதாவது டிஸ்டில்லர்ஸ் கட்டிய வேலிக்குக் காரணமே ஒரு அரசாங்கம் கட்டி வைத்திருந்த வேலி. 1980-லேயே ஐரோப்பிய நீதிமன்றம் பிரான்ஸின் அந்த வரியையும் விளம்பரச் சட்டத்தையும் தப்பு என்று தனித்தனித் தீர்ப்புகளில் சொன்னது. முந்தின வருடம்தான் காசி த டிஜோன் வழக்கு. 25 சதவீதம் ஆல்கஹால் இல்லாத பழ மதுவை ஜெர்மனியில் விற்கக் கூடாது என்ற விதியை அந்தத் தீர்ப்பு உடைத்தது. ஆல்கஹால் குறைந்த சரக்கை அனுமதித்தால் ஜனங்கள் குடிக்குப் பழகிவிடுவார்கள் என்று ஜெர்மன் அரசு கோர்ட்டில் நிஜமாகவே வாதாடியது. பாடப்புத்தகங்கள் அரசு வேலியை ஒரு பாடத்திலும் கம்பெனி வேலியை வேறு பாடத்திலும் வைத்துவிடுகின்றன. ரெட் லேபிள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது தெரியும்.

கார் விஷயத்தில் சட்டம் வாங்குபவர்களுக்கு நேரடியாகவே உதவியது. 1992 செப்டம்பரில் இத்தாலியின் லீரா, ஐரோப்பிய நாணய மாற்று ஏற்பாட்டிலிருந்து வெளியேறி மதிப்பு சரிந்தது. இத்தாலியில் ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களின் விலை ஜெர்மன் மார்க் கணக்கில் திடீரென்று மலிவு. ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஆட்கள் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்கு வந்து கார் கேட்க ஆரம்பித்தார்கள். தங்கள் நாட்டுக் கம்பெனி காரை வாங்க வெளிநாடு போகிறார்கள்! ஃபோக்ஸ்வாகன் இத்தாலிய டீலர்களை நெருக்கியது. பகுதிக்கு வெளியே விற்றதில் 15 சதவீதம் வரைதான் போனஸ் கணக்கில் வரும் என்றது. மீறியவர்களின் டீலர்ஷிப் ரத்து என்று மிரட்டியது, சிலருக்கு ரத்தும் செய்தது. கார் மறுக்கப்பட்ட சாதாரண ஜனங்கள் ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்கள். 1998 ஜனவரியில், கரேல் வான் மியர்ட் போட்டி ஆணையராக இருந்தபோது, 102 மில்லியன் எக்யூ அபராதம் விழுந்தது. ஒரு தனிக் கம்பெனி மீது அதுவரை விதிக்கப்பட்டதில் அதுதான் பெரியது. பின்னர் நீதிமன்றம் அதை 90 மில்லியன் யூரோவாகக் குறைத்தது, 2003-ல் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

மருந்தில் இவ்வளவு சுலபமில்லை. சென்ட்ராஃபார்ம் என்ற டச்சு கம்பெனி, பிரிட்டனில் கிட்டத்தட்ட பாதி விலைக்குக் கிடைத்த மருந்தை வாங்கி நெதர்லாந்தில் விற்றது. பேடண்ட் உரிமையைக் காட்டி அதைத் தடுக்க முடியாது என்று 1974-ல் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த விலை வித்தியாசத்தை உண்டாக்கியது கம்பெனி மட்டும் இல்லை, ஒவ்வொரு அரசாங்கமும் மருந்து விலையில் தலையிடுவதும்தான். குறைந்த விலை நாட்டிலிருந்து மருந்தை அள்ளி அதிக விலை நாட்டுக்கு அனுப்பினால் அந்த நாட்டு நோயாளிக்குத் தட்டுப்பாடு வரலாம், லாபத்தில் பெரும்பகுதி இடைத்தரகரிடமே நின்றுவிடலாம். டேப் ரெக்கார்டருக்குச் சரியாக இருந்த தர்க்கம் இங்கே தடுமாறுகிறது என்பது என் எண்ணம்.

இதுவரை படித்தவர்களுக்கு ஒன்று தோன்றலாம்: ஐரோப்பா மலிவு விலையின் பக்கம், வாங்குபவரின் பக்கம் என்று. 1998-ல் வந்த சில்லவெட் வழக்கைப் படித்தால் அந்த எண்ணம் போய்விடும். சில்லவெட் ஆஸ்திரியாவின் விலை உயர்ந்த கண்ணாடி பிரேம் கம்பெனி. 1995-ல் ஃபேஷன் போன 21 ஆயிரம் பிரேம்களை ஒரு பல்கேரியக் கம்பெனிக்கு விற்றது. ஐரோப்பிய யூனியனுக்குள் திரும்பி வரக் கூடாது என்பது பேச்சு. வந்துவிட்டது. ஹார்ட்லவர் என்ற ஆஸ்திரிய மலிவு விலைக் கடை அவற்றை வாங்கி விற்பனைக்கு வைத்தது. கிரண்டிக் கதையேதான்: அசல் பொருள், கம்பெனியே விற்றது, காசு வாங்கியாகிவிட்டது, வேறு நாடு சுற்றித் திரும்பி வருகிறது. ஆனால் இம்முறை நீதிமன்றம் கம்பெனியின் பக்கம். பல்கேரியா அப்போது உறுப்பினர் இல்லை. வெளியே விற்ற பொருள் உள்ளே வருவதை டிரேட்மார்க் உரிமையாளர் தடுக்கலாம் என்று தீர்ப்பு. 2001-ல் லீவைஸ் ஜீன்ஸை வெளியிலிருந்து மலிவாகக் கொண்டுவந்த டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டும் இதே முறையில் தோற்றது.

அப்படியென்றால் பாரிஸில் உனெஃப் ஜெயித்தது விலை குறைவாக விற்றதால் இல்லை, சரியான எல்லையைத் தாண்டியதால். பல்கேரியா 2007 ஜனவரி 1 அன்று யூனியனில் சேர்ந்தது. அதே பிரேம்கள், அதே கடை, அதே விலை, பன்னிரண்டு வருடம் தள்ளி நடந்திருந்தால் டிரேட்மார்க்கைக் காட்டித் தடுத்திருக்க முடியாது. கண்ணாடி போடுகிற மனுஷனுக்கு இந்த வித்தியாசத்தை எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே வேலி கட்டும் பழக்கம் மட்டும் போகவே இல்லை. 2019 மே மாதம் ஏபி இன்பெவ் என்ற பீர் கம்பெனிக்கு 200 மில்லியன் யூரோ அபராதம். அவர்களுடைய ஜூபிலர் பீர் பெல்ஜியத்தில் விலை அதிகம், நெதர்லாந்தில் குறைவு. பெல்ஜியக் கடைகள் நெதர்லாந்திலிருந்து வாங்காமல் இருக்க என்ன செய்தார்கள் தெரியுமா? நெதர்லாந்தில் விற்கும் பீரின் லேபிளிலிருந்து பிரெஞ்சு மொழி விவரங்களை எடுத்துவிட்டார்கள். பெல்ஜியத்தில் பிரெஞ்சு இல்லாமல் விற்பது கஷ்டம். டிரேட்மார்க் பதிவு, வழக்கு எதுவுமே தேவைப்படவில்லை, லேபிளில் நாலு வரி குறைந்தது, அவ்வளவுதான். மாக்ஸ் கிரண்டிக் பார்த்திருந்தால் ரசித்திருப்பார். (அவருடைய கம்பெனி 2003-ல் திவாலாகிவிட்டது. பெயர் மட்டும் இப்போது ஒரு துருக்கி நிறுவனத்தின் கையில் இருக்கிறது.) 2024 மே மாதம் சாக்லேட், பிஸ்கட், காபி ஆகியவை நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தியதற்காக மாண்டலீஸ் கம்பெனிக்கு 337.5 மில்லியன் யூரோ அபராதம் விழுந்தது.

பிரிட்டன் 2020 ஜனவரியில் யூனியனை விட்டு வெளியே போனது. இடைக்கால ஏற்பாடு அந்த டிசம்பர் 31-ல் முடிந்தது. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் சந்தையில் முதலில் விற்கப்படும் பொருளை யூனியனுக்குள் கொண்டுவந்தால் டிரேட்மார்க் உரிமையாளர் தடுக்கலாம். எதிர்த்திசையில் அப்படியில்லை, யூனியனில் விற்ற பொருள் பிரிட்டனுக்குள் வர பிரிட்டன் தன் பக்கத்துக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆக, லண்டன் மொத்த வியாபாரி ஒருவர் உள்ளூர் விலைக்கு வாங்கிய ரெட் லேபிளை பாரிஸுக்கு லாரியில் அனுப்பினால், அதை நிறுத்த கம்பெனி இரண்டு விலை வைக்கவும் வேண்டாம், பிரிட்டிஷ் கடைகளிலிருந்து எடுக்கவும் வேண்டாம். டிரேட்மார்க் சான்றிதழை நீட்டினால் போதும்.